அவர் கைதட்டும் நேரம்

“இந்தப் போட்டி முடியட்டும். அதுக்கப்புறம் நீ உன் வழி, நான் என் வழி,” என்றார் அவர்.

“சரி,” என்றேன் நான்.

நாலு மாதத்துக்கு முன்னால் சமையலறையில் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷக் குடித்தனம் இரண்டு தட்டு துடைப்பதற்குள் முடிந்துபோனது.

சண்டை என்று எதுவும் இல்லை. அவர்தான் என் ஓட்டப் பயிற்சியாளர். படுக்கையில்கூட நாங்கள் நூறில் ஒரு பங்கு விநாடியைப் பற்றித்தான் பேசுவோம். இந்த வீட்டில் தான் புருஷன் இல்லை, வெறும் ஸ்டாப்வாட்ச் என்று அவர் ஒருநாள் சொன்னதில் பொய்யில்லை. அவரைப் போகவிடாதே என்றது ஒரு மனசு. கெஞ்சினால் இரக்கப்பட்டு இருந்துவிடுவார், அது உனக்கு வேண்டுமா என்றது இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டேன்.

பயிற்சி மட்டும் நிற்கவில்லை. எங்கள் உள்ளரங்கை ஒட்டிப் பள்ளிக்கூடம் இருந்ததால் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கியை வெடிக்க அனுமதி இல்லை. ‘செட்’ என்று சொல்லிவிட்டு அவர் கைதட்டுவார், நான் பாய்வேன். முன்பெல்லாம் அந்த இடைவெளியை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒருமுறை உடனே தட்டுவார், அடுத்த முறை தொடை நடுங்கும்வரை காக்கவைப்பார். காதால் கேட்டு ஓடணும், கணக்குப் போட்டு ஓடக்கூடாது என்பார். அந்தச் சமையலறைப் பேச்சுக்குப் பிறகு கைதட்டல் தினமும் ஒரே இடைவெளியில் விழ ஆரம்பித்தது. அவர் மனசு அங்கே இல்லை. எனக்கு அது தெரிந்தது, ஆனால் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவரிடம் நிலையாக இருந்தது அந்தக் கைதட்டல் ஒன்றுதான். அதையும் நானே கெடுப்பானேன்?

சர்வதேசப் போட்டியில் முதல் சுற்றிலும் அரையிறுதியிலும் நான் பழகிய இடைவெளிக்கு முன்பே துப்பாக்கி வெடித்தது. தப்பித்தேன். அறுபது மீட்டர் இறுதிப் பந்தயத்துக்கு முன் என் கெண்டைக்காலைப் பிடித்துவிட்ட மசாஜ் அக்கா, தள்ளி உட்கார்ந்திருந்த அவரைக் கண்ணால் காட்டினாள்.

“உன் வீட்டுக்காரரைப் பாரு. பதக்கத்துக்கு வந்தவர் மாதிரியா இருக்காரு? பல்லு பிடுங்க வந்தவர் மாதிரி உக்காந்திருக்காரு.”

சிரித்துவைத்தேன். மறுநாள் காலை அவருக்கு ஒரு விமானம், எனக்கு வேறு விமானம். வேறொரு ஊரில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. அது அக்காவுக்குத் தெரியாது.

எட்டுப் பேர் வரிசையில் குனிந்தோம். நான்காவது தடம் எனக்கு. ‘செட்’ என்றது குரல். இடுப்பை உயர்த்தினேன். அரங்கமே மூச்சைப் பிடித்திருந்தது. எனக்கு ஓர் எண்ணமும் இல்லை, சத்தியமாக. அவர் கைதட்டும் நேரம் வந்தது, கால் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்தது. உடனே இன்னொரு முறை வெடித்து எல்லோரையும் நிறுத்தியது.

நடுவர் வந்து என் முகத்துக்கு நேரே, என்னை வெளியேற்றும் சிவப்பு-கறுப்பு அட்டையைப் பிடித்தார். நாலு மாதம் வாய் திறக்காமல் காத்தவளால் ஒரு கண்ணிமைப்பு நேரம் காக்க முடியவில்லை.

பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருந்த நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே ஆரவாரம் எழுந்து ஏழே விநாடியில் அடங்கியது. நான் இல்லாமலே பந்தயம் முடிந்துவிட்டது.

அவர் என் கால்சட்டையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். முழங்காலிட்டு என் ஆணிக்காலணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். தப்பான நுனியையே இழுத்ததால் முடிச்சு இறுகிக்கொண்டே போனது.

“என் கைதான் உன்னைக் கெடுத்திருக்கு. ஒரே மாதிரி தட்டிட்டு இருந்திருக்கேன். கவனிக்கவே இல்ல.”

“நான் கவனிச்சேன்.”

நிமிர்ந்தார். “எப்போலேருந்து?”

“மொத நாள்லேருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மாத்திடுவீங்க.”

முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கே?”

வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்துகொண்டிருந்தது. இனி இழக்க எதுவும் மிச்சமில்லை என்று நினைத்தேன். எதிரே அவர் இருந்தார்.

“போகாதீங்க,” என்றேன். “என்கூடவே இருங்க.”