வாப்பாவைத் தெருவில் வைத்த அன்று

என் அண்ணன் எங்கள் வாப்பாவை நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்தான். ஒரு பக்கம் அவன் பிடித்தான், மறுபக்கம் எதிர்க்கடை இஸ்திரிக்காரர். வாப்பா இடுப்புக்குக் கீழே விளங்காத மனிதர். கால்கள் இரண்டும் படியில் இடித்துக்கொண்டே வந்தன.

"பாத்துடா, விழுந்துடப்போறேன்."

"அஞ்சு நிமிஷம்தான் வாப்பா. சட்டுனு முடிச்சுடலாம்."

என்னத்தை முடிப்பது? என் பங்கைத்தான். உம்மா போன பிறகு வாப்பாவுக்கு வாரிசு நாங்கள் இருவர் மட்டுமே. அவர் கண்ணை மூடினால் வீட்டில் அண்ணனுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒன்று. அல்லாஹ் வகுத்தது, நான் முணுமுணுத்ததே இல்லை. அந்த ஒன்றுகூட இவன் கண்ணை உறுத்தியது. ஊரே ஹாஜியார் என்று கூப்பிடுகிற பெரிய மனுஷன்!

வாப்பாவைப் பார்க்க இமாம் வந்தபோது, உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாமா என்று கேட்டான். பிள்ளைகளில் ஒருவரை விட்டு ஒருவருக்குக் கொடுப்பது அநியாயம் என்றார் அவர். கொடுப்பவர் தன் சாமானோடு வெளியேறி, வீட்டை ஒப்படைத்தால்தான் அது செல்லும் என்றும் சொன்னார். அடுத்த அறையில் வாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த என் காதில் இரண்டுமே விழுந்தன. அண்ணனுக்கு இரண்டாவது மட்டும்தான் கேட்டது. தங்கச்சிக்கு ஈடாக வேறு கொடுத்துவிடுகிறேன் என்று குழைந்து குழைந்து பேசி வாப்பாவைத் தலையாட்ட வைத்துவிட்டான்.

மதினி உள்ளேயிருந்து வாப்பாவின் சாமான்களைக் கொண்டுவந்து போட்டாள். செருப்பு, தொப்பி, பல்செட் கிடந்த டம்ளர். கழுவாத மூத்திரச் சட்டியை இரண்டு விரலால் தூக்கிவந்து அவர் காலடியிலேயே வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"இந்தச் சீப்பு அவரோடதா?" என்றாள்.

"வெளிய போடு. ஒண்ணு கிடந்தாலும் செல்லாதாம். எதுக்கு வம்பு?" என்றான் அண்ணன்.

சீ! பல்லுப்போன ஒரு சீப்பு!

"நீயெல்லாம் மனுஷனா? கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?" என்றேன்.

"வாயை மூடு. மார்க்கப்படிதான் செய்யறேன்."

மார்க்கமாம்! சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, என் துப்பட்டாவால் வாப்பாவின் கால்களை மூடினேன். அண்ணன் வீட்டைப் பூட்டி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"இத என் கையில கொடுத்து, 'ஒப்படைச்சுட்டேன்'னு சொல்லுங்க. உடனே உள்ள தூக்கிட்டுப் போயிடறேன்."

வாப்பா சாவியைப் பார்த்தார். பிறகு என்னை.

"தங்கச்சிக்கு ஏதோ கொடுக்கறேன்னியே. என்ன கொடுக்கப்போற?"

"அத அப்புறம் பாத்துக்கலாம் வாப்பா."

"இப்பச் சொல்லு."

சாட்சிக்கு நின்ற இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் சிரித்தான்.

"அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!"

பெரிய தமாஷ் அடித்துவிட்டதாக நினைப்பு. மதினியும் கிளுக்கென்று சிரித்தாள். வாப்பாவின் விரல்கள் மெல்ல மடங்கி, சாவி உள்ளே போய்விட்டது.

"ஒரு வண்டி கூப்பிடும்மா. உன் பங்கு உன்கூட வருது," என்றார்.

"ஐயோ வாப்பா, விளையாட்டுக்குச் சொன்னேன்!" என்று அவர் கையைப் பிடித்தான் அண்ணன். அந்த விரல்களைப் பிரிக்க அவனால் முடியவில்லை. நான் சீப்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு, வாப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அண்ணன். வாப்பாவின் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது, இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தார். பாவி, இதையாவது நினைத்தானே என்று என் மனசு ஒரு நிமிஷம் இளகிப்போனது.

"வா, உள்ள வா. முழிச்சுட்டுத்தான் இருக்கார்," என்றேன்.

அவன் உள்ளே வரவில்லை. தலையணையை என் கையில் திணித்தான்.

"பின்கதவு வழியா உள்ள போய்த் தேடினேன், கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. இனி அவரோடது அங்க ஒண்ணுமே இல்ல. அந்தச் சாவிய மட்டும் வாங்கிக் கொடு."