மூன்றடிச் சுவரில் ஒரு சன்னல்

கொத்தனார் வாங்கிய வீட்டுக்குச் சன்னலே கிடையாது. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார். சுவர் மூன்றடி கனம், கூரையும் காங்கிரீட், இரும்புக் கதவை நாலு பேர் சேர்ந்து முட்டினாலும் அசையாது என்று ஒரு மாதமாக வாய் ஓயாமல் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோதுதான் அவர் பெண்டாட்டி இஸ்திரிக்காரி அதை முதன்முதலாகப் பார்த்தாள்.

யுத்த காலத்தில் விமானங்களுக்கு எண்ணெய் இறைத்து அனுப்பக் கட்டிய பம்ப் ஹவுஸ். குண்டு விழுந்தாலும் அசையக்கூடாது என்று கட்டியது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் மார்பளவுக்கு மண் அணைத்துப் புல் வளர்ந்திருந்தது. கதவுக்கு எதிரே, சிதறி வரும் துண்டுகளைத் தடுக்க இன்னொரு சுவர். உள்ளே போனால் பட்டப்பகலில் டார்ச் அடிக்க வேண்டும். சண்டை முடிந்ததும் பம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை உட்கார்ந்திருந்த நான்கு மேடைகளும், மேடைக்கு நான்காகத் துருப்பிடித்த போல்ட்டுகளும், தரையில் ஊறிப்போன எண்ணெய் வாடையும்தான் மிச்சம். இடிக்கிற செலவுக்குப் பயந்த நகராட்சி இதை எவன் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. கொத்தனார் தலையை நீட்டினார்.

"எங்கங்க சன்னல்?" என்றாள்.

"சுவத்தைத் தட்டிப் பாரு. கல்லு மாதிரி!"

"சுவத்தை நீங்க தட்டுங்க. நான் சன்னலைக் கேட்டேன்."

அவள் வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே. பன்னிரண்டு வருஷமாகக் காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை நீராவியும் ட்யூப்லைட்டும்தான். வெளியே மழையா வெயிலா என்று மேலிருந்து வருகிற நர்ஸின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

"பகலெல்லாம் பொந்துல. ராத்திரியும் பொந்தா? நான் என்ன பெருச்சாளியா? சன்னல் வர்ற வரைக்கும் லாரியிலேருந்து ஒரு கரண்டி இறங்கக் கூடாது. இல்லையா, நான் தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க சுவத்தோட குடித்தனம் பண்ணுங்க."

லாரி, அதை ஓட்டிவந்த அவள் தம்பியுடையது அல்ல, அவன் முதலாளியுடையது. ஆறு மணிக்குள் திருப்பி விட வேண்டும். தம்பி பதறிப்போனான். "அக்கா, என் வீட்டுல ஏற்கெனவே ஏழு பேரு. நான் படுக்கிறதே வாசப்படியில. மாமா, எதையாவது பண்ணித் தொலைங்க!"

பழைய வாடகை வீட்டுச் சாவியை நேற்றே கொடுத்தாகிவிட்டது. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு போய், கூட வேலை பார்க்கும் டிரில்லுக்காரரைக் கூட்டிவந்தார். முப்பது வருஷம் மெஷினோடு கத்திப் பழகியவர், மெஷின் நின்ற பிறகும் கத்திக்கொண்டே இருப்பார். டமாரம் என்று பெயர்.

"ஒரு மணி நேர வேலை தங்கச்சி!" என்று டமாரம் கத்தியதில் கூரையிலிருந்து தூசு உதிர்ந்தது.

மண்மேட்டுக்கு மேலே, சுவரில் சாக்பீஸால் சதுரம் போட்டார்கள். மெஷின் அலறியது. மதியம் ஒரு மணிக்குள் இரண்டு உளி மழுங்கிவிட்டன. மூன்றாவது உள்ளே இருந்த கம்பியில் மாட்டி முறிந்தது. சதுரத்தின் நடுவில் ஒரு டம்ளர் வைக்கிற அளவுக்குப் பள்ளம்.

"சூப்பர் மாமா," என்றான் தம்பி. "சாவி வைக்கிற மாடம் ரெடி. அடுத்து விளக்கு மாடம் எங்க?"

"மாப்ள, வாயை மூடுறியா, மெஷினைப் பிடிக்கிறியா?"

"இது வீடு இல்ல, பேங்க் பெட்டகம்! இதை எவனாலயும் ஒடைக்க முடியாது!" என்று டமாரம் கத்தினார். கொத்தனார் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்தது. பெண்டாட்டி பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அதைத் துடைத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய் ஒரு பம்ப் மேடைமேல் உட்கார்ந்தாள். அழுகை வரும்போல் இருந்தது. வந்தாலும் இந்த இருட்டில் எவனுக்கும் தெரியப்போவதில்லை. டார்ச்சைச் சும்மா அங்கே இங்கே அடித்தாள். போல்ட்டு, மேடை, சுவர். மறுபடியும் மேடை, சுவர்.

"ஏங்க! இங்க வாங்க!"

மூவரும் ஓடிவந்தார்கள்.

"இதுமேலதானே பம்பு இருந்துச்சு? பம்பு எண்ணெயைத் தள்ளுச்சு. சரி. தள்ளின எண்ணெய் எங்க போச்சு? சுவத்துல ஊறியா போச்சு?"

டார்ச்சை மேடைக்கு நேரே சுவர்மேல் அடித்தாள்.

"எங்க சலவைக்கூடத்துல நீராவிக் குழாயைச் சுவத்தோட சேத்துக் கட்ட மாட்டாங்க. குழாய் அதிரும், சுவரு வெடிச்சிடும். பெரிசா ஒரு ஓட்டை விட்டு, நடுவுல குழாயை விட்டு, சுத்தி தார்க்கயிறைத் திணிச்சிருப்பாங்க. இங்கயும் அப்படித்தானே விட்டிருப்பான்? குழாயை உருவினவன் ஓட்டையையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டானா?"

கொத்தனார் சுத்தியலை எடுத்து, மேடைக்கு நேரே இடுப்பளவில் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பிறகு, தொப். இருபத்தைந்து வருஷம் சுவர் பூசிய மனிதர். ஒரே தட்டில் புரிந்துவிட்டது.

"செங்கல்லு," என்றார் மெல்ல. "செங்கல்லு வச்சு அடைச்சு மேல பூசியிருக்கான். கழுதை, மட்டம்கூட சரியா பாக்கல."

தம்பி பீடியை எடுத்தான். டமாரம் அதைப் பிடுங்கி வெளியே வீசினார். "எண்ணெய் போன ஓட்டைடா! எல்லாரும் சேந்து மேல போறதுக்கா?" முதல் கல்லைக் கையாலேயே நெம்பி எடுத்து, மூக்கை வைத்து நெடுநேரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார். மீதியைக் கால் மணி நேரத்தில் பெயர்த்துவிட்டார்கள். முழ அகலத்துக்கு வட்டமாக ஓர் இரும்பு வளையம், அதற்குள் மக்கிய தார்க்கயிறு. அதை இழுத்தால் பின்னால் மண்.

"சன்னல் வந்திருச்சு அக்கா," என்றான் தம்பி. "வெளிய உலகத்தைத்தான் காணோம்."

அவள் வெளியே போனாள். லாரியில் ஏறி, தன் வாயால் போட்ட தடையைத் தானே மீறி, மண்வெட்டியை மட்டும் இறக்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்க மேட்டில் முதல் வெட்டை அவள்தான் போட்டாள். கொத்தனார் கடப்பாரையோடு வந்து பக்கத்தில் நின்றார். டமாரமும் தம்பியும் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். மேட்டை வெட்டி வாய்க்கால்போல் சரிவாக இறக்கினார்கள். நாலு மணிக்கு மேல் ஒருவர்மீதும் துணி எது, மண் எது என்று தெரியவில்லை.

"இந்த வேலைக்கு நான் ஆஸ்பத்திரித் துணியே தோய்ச்சிருக்கலாம்," என்றார் கொத்தனார்.

"வாங்க, ஆள் எடுக்கிறாங்க. அங்கயும் சன்னல் இல்ல, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

ஐந்து மணிக்கு வளையத்தின் வாயை அடைத்திருந்த மண் சரிந்து, மண்வெட்டி இரும்பில் இடித்தது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு வெயில் விழுந்து கிடந்தது. அதற்குள் எண்ணெய்க் கறை, செங்கல் தூள், எங்கிருந்தோ வந்த ஓர் எறும்பு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவள் வளையத்துக்குள் தலையை விட்டாள். ஒரு தோளும் நுழைந்தது. சரிவு, அதற்கப்பால் தார் ரோடு, சைக்கிளில் யாரோ ஒருத்தி, நிறைய வானம். காற்று முகத்தில் அடித்தது. முன்னால் புருஷன் மண் அப்பிய மீசையோடு, தீர்ப்புக்குக் காத்திருப்பவன்போல் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"சின்னது."

கொத்தனார் முகம் விழுந்துவிட்டது.

"மேடை எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு."

"அப்ப ஓட்டையும் நாலுதானே? இன்னும் மூணு பாக்கி. நின்னு என்ன வேடிக்கை பாக்கறீங்க, கடப்பாரையை எடுங்க." தலையைத் திருப்பி லாரிப் பக்கம் கத்தினாள். டமாரமே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார். "டேய் தம்பி! அடுப்பை முதல்ல இறக்குடா!"