பல்வலிக்காரர்கள் பார்த்த பாட்டு

காலேஜ் கேன்டீனில் எழுதி வாங்கிய இருபது சீட்டுகளையும் படித்துவிட்டு டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "சூப்பர்." "செம." "வேற லெவல்." ஒரு புண்ணியவான் எழுதுவதற்கே சோம்பல்பட்டு வெறும் இதயம் வரைந்து கொடுத்திருந்தான். இதை வைத்துக்கொண்டு வீடியோவில் எதைத் திருத்துவதாம்?

டைரக்டர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பது மூன்றாம் வருடம். எடுத்தது ஒரே ஒரு பாட்டு வீடியோ. அவளுடைய அக்கா கிண்டலுக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாடியவள் டைரக்டரின் உயிர்த்தோழி. நாள் முழுக்க எதையாவது முணுமுணுத்துக்கொண்டே திரிவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பார்க்கிறவர்களிடம் கருத்து வாங்கு, அதன்படி வீடியோவை மாற்று, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடு என்பது வகுப்பில் போட்ட உத்தரவு. பாதி மதிப்பெண் அந்த மாற்றத்துக்குத்தான்.

"கூடப் படிக்கிறவங்ககிட்ட கேட்டா இப்படித்தான் வரும்," என்றாள் அக்கா. அவள் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். "எங்க கிளினிக்குக்கு வா. பல்வலியோட உக்காந்திருக்கிறவங்களுக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெம்பு இருக்காது."

அக்கா வாயில் உருப்படியாக வந்த யோசனை வருடத்துக்கு ஒன்று. இந்த வருடத்துக்கு இதுதான். செவ்வாய்க்கிழமை காலையிலேயே டைரக்டர் டேப்லெட்டும் ஹெட்போனுமாக அங்கே ஆஜர். முதலில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் பார்த்தார். வாயைத் திறக்க முடியாமல் சீட்டை வாங்கி எழுதினார்: "பாடுவது யார்? பேயா?" அடுத்து ஒரு அம்மாள்: "ஜன்னல் திரை அழகு. எங்கே வாங்கியது?" மரத்துப்போகிற ஊசி போட்ட உதட்டோடு வெளியே வந்த பஸ் டிரைவர் சீட்டு நிறைய எழுதினார்: "பாடுகிற ஆள் எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். தேடியதில் பாட்டைக் கேட்கவில்லை."

அடுத்தடுத்து வந்த சீட்டுகளும் அதையேதான் சொல்லின. வீடியோவில் மாடிப்படி இருக்கிறது, செருப்பில்லாத கால் இருக்கிறது, பறக்கிற திரை இருக்கிறது, பின்னந்தலை இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. அது ஸ்டைல் அல்ல, நிபந்தனை. ரேடியோவின் முன்பல் இரண்டில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதை வைத்தே அவளை அழ வைத்திருக்கிறார்கள், பாவிகள். இன்றைக்கும் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். "முகம் வரக் கூடாது. வந்தா என் பாட்டு கிடையாது," என்று அவள் சொன்னபோது டைரக்டர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தாள்.

சத்தியம் பண்ணியவளுக்கு அன்று சாயங்காலம் புத்தி எங்கே போயிற்றோ! எடுத்து வைத்திருந்ததை எல்லாம் அலசியபோது ஒரு துண்டு கிடைத்தது. கேமரா ஓடுவது தெரியாமல் ரேடியோ கடைசி வரியைப் பாடுகிறாள். காற்றில் பறந்த திரை டைரக்டரின் தலையைச் சுற்றிக்கொள்ள, அதைப் பார்த்து ரேடியோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். பதினோரு நொடி. பரிசோதனைக்குத்தானே, அப்புறம் எடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டைரக்டர் அதை வீடியோவின் கடைசியில் சொருகினாள்.

புதன்கிழமை சீட்டுகளின் தொனியே மாறிவிட்டது. "இந்தப் பெண்ணை முதலிலேயே காட்டியிருக்கலாம்." "இவள் சிரித்தபோது வலி கொஞ்சம் மறந்தது." ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் மூன்று தடவை பார்த்துத் தன் டோக்கனைத் தவறவிட்டார். டாக்டர்கூட இரண்டு நோயாளிகளுக்கு நடுவே வந்து நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார். டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு அதைவிட. உடனே போனை எடுத்து, "உன் சிரிப்பைப் பாத்து ஊரே மயங்கிக் கிடக்குதுடி!" என்று ரேடியோவிடமே சொல்லிவிட்டாள்.

பத்தே நிமிடத்தில் கிளினிக் கதவு படாரென்று திறந்தது.

"காட்டு," என்றாள் ரேடியோ.

டைரக்டர் டேப்லெட்டை நீட்டினாள். ரேடியோ அந்தப் பதினோரு நொடியையும் கண் இமைக்காமல் பார்த்தாள்.

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"பதினாலு. டாக்டரோட சேத்தா பதினஞ்சு."

"பதினஞ்சு பேர்கிட்ட கேட்டிருக்கே. என்கிட்ட மட்டும் கேக்கலை."

"எல்லாருக்கும் பிடிச்சிருக்குடி. வேணும்னா சீட்டைப் பாரு..."

"அது அவங்க வாயா?"

டைரக்டருக்கு முகம் சுருங்கிப்போனது. செய்தது திருட்டு, அதற்குப் பரிசோதனை என்று பெயர் வைத்தது அதைவிட மோசம். அவள் அங்கேயே உட்கார்ந்து வீடியோவிலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். பிறகு பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து மூலக் காட்சியையும் அழித்தாள். "ஐயோ, அதையாடி?" என்று அக்கா பதறினாள். டைரக்டருக்கும் மனசு அடித்துக்கொண்டது, இல்லாமல் என்ன? வீடியோவிலேயே நல்ல இடம் அதுதான். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்.

"தப்புடி. பெரிய தப்பு," என்றாள்.

ரேடியோ மேசையில் கிடந்த சீட்டுகளை அள்ளி ஒவ்வொன்றாகப் படித்தாள். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். அவள் எதைத் தேடுகிறாள் என்று டைரக்டருக்குத் தெரிந்தது. அது எந்தச் சீட்டிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வெளியே வந்தார். "அட, பாடின பொண்ணு நீதானேம்மா? கடைசி வரியை ஒரே மூச்சுல எப்படி இழுக்கிறே?"

ரேடியோவின் இரண்டு கையிலும் சீட்டுகள், வாயை மறைக்க வழியில்லை. "ஒரே மூச்சு இல்லை டாக்டர். நடுவுல மூக்கால கொஞ்சம் எடுத்துக்குவேன்."

"அப்படியா! எனக்குத் தெரியவே இல்லையே," என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுவிட்டு, "அடுத்தது யாரு?" என்று உள்ளே போனார்.

ரேடியோ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவர் என் பல்லைப் பாக்கலையா?"

"பாக்காம என்ன? அதைப் பத்திப் பேசணும்னா என்கிட்ட டோக்கன் வாங்கணும்," என்றாள் அக்கா.

ரேடியோவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கோபத்தைத் திரும்ப வரவழைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில எடுக்கலாம். ஒரே ஒரு ஷாட். முதல்ல நான்தான் பாப்பேன். நான் வேண்டாம்னா வேண்டாம். சரியா?"

"சரி," என்றாள் டைரக்டர்.

வியாழக்கிழமை காலை ரேடியோ திரை பறந்த அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துக் கடைசி வரியைப் பாடினாள். டைரக்டர் அறையின் எதிர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு எடுத்தாள். ஓரடி முன்னால் வைக்கக்கூட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. எடுத்ததைச் சேர்த்து, டேப்லெட்டையும் ஒரு வெற்றுச் சீட்டையும் தோழியிடம் கொடுத்தாள்.

முன்பின் தெரியாத அத்தனை பேரிடமும் அலட்டிக்கொள்ளாமல் சீட்டு வாங்கியவள் இந்த ஒரு சீட்டுக்காக அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். ரேடியோ பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பேனாவைக் கடித்தாள். ஒரு வரி எழுதி, நாலாக மடித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டைரக்டர் பிரித்துப் படித்தாள்.

"இன்னும் கிட்ட வந்து எடுத்திருக்கலாம்."