இருபத்துமூன்றாம் நாற்காலி

எங்கள் ஊர் சேவைச் சங்கத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஒரு பழைய பிஸ்கட் டப்பாதான் முடிவு செய்யும். வியாழக்கிழமை மாலை ஆறு மணி, நூலகத்து மாடி ஹால், முப்பத்தெட்டு உறுப்பினர்கள், இருவருக்கு ஒன்றாகப் பத்தொன்பது மேசைகள். ஆரம்ப காலத்தில் கடைக்காரர்கள் ஒரு பக்கம், ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கம் என்று கோஷ்டி கட்டி உட்காருவார்கள். இலவசச் சக்கர நாற்காலியை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசக் கூடிய கூட்டம் வம்பளப்பிலேயே முடிந்துபோகும். பொறுத்துப் பார்த்த டாக்டர் (சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான்) எண் போட்ட பித்தளை டோக்கன்கள் செய்து டப்பாவில் போட்டுவிட்டார். வாசலில் நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார், வந்த எண்ணில் போய் உட்கார வேண்டியது. ஒரே மேசையில் விழுந்த இருவரும் அந்த வாரத்து வேலையைச் சேர்ந்தே செய்ய வேண்டும். ரத்ததான முகாமில் பெயர் எழுதுவதோ, ஆஸ்பத்திரி வார்டில் பத்திரிகை வாசித்துக் காட்டுவதோ, எதுவானாலும் சரி.

டப்பாவின் பொறுப்பு ஆறு வருஷமாக மருந்துக்கடைக்காரரிடம் இருந்தது. ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடி அறையில் வாசம். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு அமைச்சரே வந்தாலும் கையை விரித்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதர் கையில் டப்பா இருக்கிறது என்று சங்கம் நிம்மதியாக இருந்தது.

அந்த மனிதர்தான் திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தார்.

எல்லாம் கணக்கு டீச்சரால் வந்தது. டீச்சருக்கு மருந்துக்கடைக்காரரைவிட இரண்டு வயது குறைவு. கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, மகள் கல்யாணமாகித் தூரதேசத்தில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு, டியூஷன் முடித்து, பஸ் பிடித்து, கூட்டத்துக்குக் கடைசி ஆளாக மூச்சிரைக்கப் படியேறி வருவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல், அவருக்கு இருபத்துநான்கும் இவருக்கு இருபத்துமூன்றும் விழுந்தன. ஜன்னலோர மேசை. அந்த வாரம் கண் பரிசோதனை முகாம். எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் டீச்சர் குச்சியோடு நின்றார், இவர் சீட்டில் குறித்துக்கொண்டார். வாசிக்க முடியாமல் திணறிய ஒரு பெரியவரிடம் டீச்சர், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கய்யா, இது பரீட்சை இல்ல" என்றார். பெரியவர் சிரித்தார். டீச்சரும் சிரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு நாலு சீட்டில் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி எழுதினார்.

பிறகு அவர் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருந்தார். நாற்பது வாரம் காத்திருந்தார். டப்பா அவருக்கு வங்கி மேனேஜரைக் கொடுத்தது, ஓயாமல் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசும் வக்கீலைக் கொடுத்தது, டீச்சரை மட்டும் கொடுக்கவில்லை. நாற்பத்தோராவது வாரம் அவருடைய விரல்களே துணிந்துவிட்டன. வியாழக்கிழமை மதியம் டப்பாவிலிருந்து இருபத்துமூன்றையும் இருபத்துநான்கையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு டீச்சர் வருவார். இவர் கண்ணை மூடுவார், இருபத்துநான்கை வைத்து மூடிய கையை டப்பாவுக்குள் விட்டு எடுப்பார், இருபத்துமூன்று தனக்கு. அவ்வளவுதான் வித்தை. ஊர் கண்டுபிடிக்காதபடி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். வார்டில் பத்திரிகை வாசிக்கும்போது டீச்சர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். பொட்டலம் கட்டும்போது அவர் மடிக்க, இவர் ஒட்ட. வாய் திறந்து சொல்ல நூறு வாய்ப்பு இருந்தது. இந்த வயசில் போய் என்ன பேச்சு என்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்லி, டீச்சர் முகம் மாறி, அடுத்த வாரத்திலிருந்து தனக்கு டப்பாவில் கை விடவே கூசினால்? இருக்கிற இருபத்துமூன்றும் போய்விடும். அந்தப் பயத்தில் வருஷங்கள் ஓடின, ஏக்கம் மட்டும் ஓடவில்லை.

இந்த நிலையில்தான் அவர் ஏணியிலிருந்து விழுந்தார். டப்பா கடையின் மேல்தட்டில் இருக்கும். பில் போடுகிற பெண் பார்த்துவிடக் கூடாதென்று ஏணி உச்சியில் நின்றபடியே டப்பாவில் கையை விட்டு, இரண்டு டோக்கனையும் பையில் போட்டு, அந்த மகிழ்ச்சியில் ஒரு படியை மறந்துவிட்டார். டப்பாவும் அவரும் ஒன்றாக இறங்கினார்கள். வலது கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் படுக்கை.

முதல் வாரம் சங்கத்து வழக்கப்படி ஒரு மேசைக்காரர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரரும் வக்கீலும்.

"டோக்கன் எல்லாம் கடை பூரா சிதறிப்போச்சு" என்றார் ஸ்டுடியோக்காரர். "பொறுக்கி எண்ணிப் பார்த்தா முப்பத்தாறுதான். இருபத்துமூணையும் இருபத்துநாலையும் காணோம். அலமாரியையெல்லாம் நகர்த்திப் பார்த்துட்டோம். மறுநாள் டீச்சர்கூட வந்து தரையில மண்டி போட்டுத் தேடினாங்க, பாவம்."

மருந்துக்கடைக்காரருக்குக் கட்டுக்குள் இருந்த காலைவிடக் கட்டில்லாத நெஞ்சு அதிகம் வலித்தது. "அப்புறம்?" என்றார்.

"அன்னிக்குப் பார்த்து உங்களைத் தவிர எல்லாரும் வந்துட்டாங்க. முப்பத்தேழு பேர், முப்பத்தாறு டோக்கன். கடைசியா வந்தது டீச்சர். காலியா இருந்தது அந்த ஒரு மேசைதான், அங்கேயே உட்காரச் சொல்லிட்டோம். தனியா."

அவர்கள் போனதும் சட்டையைத் தேடினார். சட்டை கொடியிலும் இல்லை, ஆணியிலும் இல்லை. தங்கையிடம் கேட்கலாம், ஆனால் எதற்கு என்று கேட்பாள். சின்ன வயசிலிருந்தே அவள் ஒரு கேள்வியோடு நிறுத்தமாட்டாள். பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை ஐந்தே முக்காலிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போது பஸ் திரும்பும். இப்போது டீச்சர் இறங்குவார். இப்போது படி. பதினெட்டு படி, பன்னிரண்டாவதில் ஒரு தடவை நிற்பார். இப்போது வாசலில் யாரோ ஒருத்தர் டப்பாவை நீட்டுவார், யாரோ ஒருத்தர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன டீச்சர், சௌக்கியமா" என்பார். கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். காது கேட்டது. அதை எங்கே திருப்புவது? டீச்சர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதை அந்த அறையில், சுவரைப் பார்த்து, முதல் தடவையாக வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். சுவர் ஒன்றும் முகம் மாறவில்லை.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை, டீச்சர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. தனியாக வந்திருந்தார்.

"கூட யாரும் வரலையா டீச்சர்?"

"இந்த வாரம் விசாரிக்க வர்ற முறை எங்க மேசைக்கு. எங்க மேசைல நான் ஒருத்திதான்."

டீச்சர் பையைக் கட்டிலோரம் வைத்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார், இருக்கிறது என்றார் இவர். அந்தச் சமயம் பார்த்துத் தங்கை காபியோடு மாடியேறி வந்தாள். தட்டில் காபிக்குப் பக்கத்தில் இரண்டு பித்தளை வட்டங்கள் இருந்தன.

"டீச்சர், இது உங்க சங்கத்துச் சாமானா பாருங்க. விழுந்த அன்னிக்கு அண்ணன் போட்டிருந்த சட்டையை ஊற வெச்சப்ப பையில கிடந்துச்சு. கொடுக்கணும் கொடுக்கணும்னு மறந்தே போச்சு."

தட்டை வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறதென்று அவள் இறங்கிப் போய்விட்டாள். வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓடியது அவளுக்கே தெரியாது.

டீச்சர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். இருபத்துமூன்று. இருபத்துநான்கு. திருப்பியும் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் போர்வையின் ஓரத்தில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார். காலில் கட்டு மட்டும் இல்லாவிட்டால் எழுந்து எங்கேயாவது போயிருப்பார்.

"தரையில தேடினேன் சார்" என்றார் டீச்சர். "அலமாரிக்கடியில கையெல்லாம் ஒட்டடை."

"மன்னிச்சுக்கங்க டீச்சர். டப்பாவை வேற யார்கிட்டயாவது கொடுத்துடச் சொல்லுங்க. நான் இனிமே..."

"இருங்க. முப்பத்தெட்டு பேர்ல எனக்குப் பக்கத்துல நீங்க வர்றதுக்கு முப்பத்தேழுல ஒரு வாய்ப்பு. அப்படின்னா வருஷத்துக்கு ஒரு தடவை. மிஞ்சிப் போனா ரெண்டு. போன வருஷம் இருபத்தஞ்சு தடவை வந்தீங்க." என்றார். "நான் இதைப் பத்தாங்கிளாஸுக்கு நடத்தறவ சார்."

அவர் நிமிர்ந்து பார்க்கப் பயந்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"அஞ்சாவது தடவைலேர்ந்து. நாலு தடவைன்னா அதிர்ஷ்டம்னு விட்டுடலாம்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. டீச்சர் காபியை எடுத்தார், குடிக்காமல் மறுபடியும் வைத்தார்.

"போன வாரம் நாலு பேர் வரல. டப்பால டோக்கன் மிச்சம் இருந்துச்சு. எடுங்க டீச்சர்னு நீட்டினாங்க. எனக்கு அந்த இடமே போதும்னுட்டேன். நேத்தும் அப்படித்தான். பக்கத்து நாற்காலில என் பையை வெச்சேன். தனியா இருக்கீங்களே, நான் வந்து உட்காரட்டுமான்னு மேனேஜர் கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ஆள் வருதுன்னு சொன்னேன்."

இரண்டு வருஷத்துக்கு மேலாக அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தது என்னவோ, அதை அந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணைத் திறந்துகொண்டே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மருந்துக்கடைக்காரருக்கு எத்தனை வாரங்களை ஒன்று விட்டு ஒன்றாக வீணாக்கியிருக்கிறோம் என்றுதான் முதலில் தோன்றியது.

டீச்சர் எழுந்தார். இருபத்துநான்கைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். இருபத்துமூன்றைப் போர்வை மேல், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "கால் சரியானதும் கொண்டு வாங்க. பதினெட்டு படி இருக்கு, அவசரப்பட்டு ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். காபி அப்படியே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு மருந்துக்கடைக்காரர் தங்கையைக் கூப்பிட்டார். சவரம் செய்திருந்தார். தலை வாரியிருந்தார்.

"அந்தச் சலவைச் சட்டையை எடும்மா."

"எங்கே போறே? டாக்டர் இன்னும் மூணு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னார்."

"எங்கேயும் போகல."

"அப்புறம் எதுக்குச் சட்டை?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையணைக்கடியிலிருந்து டோக்கனை எடுத்துப் பையில் போட்டு, பொத்தானும் போட்டுக்கொண்டார். தலையணையில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

"அங்கே எனக்கு இடம் போட்டு வெச்சிருக்காங்க" என்றார்.