எழுநூறு மடங்கு

2005ஆம் ஆண்டில், தலைநகரில் உள்ள மோதி பாக் தமிழ் நாடக மன்றத்தின் செயற்குழு ஒரு வீடியோ காமிரா வாங்கத் தீர்மானித்தது. உறுப்பினர் எழுவரும் மத்திய சர்க்காரில் கோப்புகளை நகர்த்தி ஓய்வு பெற்றவர்கள். ஆதலால், காமிராவைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவர்களுக்கு அவசியமாகப் படவில்லை. மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கினார்கள். கட்டம் போட்ட தாளில் ஒப்பீட்டுப் பட்டியல் எழுதினார்கள். எண் பெரிதாயின் பொருளும் சிறந்ததாயிற்று.

கரோல் பாக் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துவந்த கவிதாவையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். தொகுப்பு வேலையைக் கூலியின்றிச் செய்ய வேறு எவரும் அகப்படவில்லை. நாடாவில் பதியும் காமிரா ஒவ்வொரு படத்தையும் முழுதாகப் பதியும். வேண்டிய இடத்தில் வெட்டலாம். குறுந்தகட்டில் பதிவதோ ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்து வருவனவற்றில் மாறியதை மட்டுமே குறித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு ஆகும், வெட்டுவதற்கு ஆகாது. உருவத்தை மெய்யாகவே அருகில் கொண்டுவருவது லென்ஸ். அதற்குமேல் காட்டும் எண்ணெல்லாம் எடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுதான். இவ்வளவையும் அவள் பொறுமையாக விளக்கினாள்.

செயலாளர் வெங்கடராமன் பட்டியலைத் தட்டினார். உருவத்தைப் பெரிதாக்கும் அளவு, நாடாக் காமிராவின் கட்டத்தில் பத்து மடங்கு என்றும், தகட்டுக் காமிராவின் கட்டத்தில் எழுநூறு மடங்கு என்றும் இருந்தது.

"பத்து பெரிசா, எழுநூறு பெரிசா? நீயே சொல்லும்மா."

மற்ற அறுவரும் சிரித்தார்கள். தகட்டுக் காமிரா வந்தது.

இவர்களுடைய அறிவீனத்தின் பலனை அனுபவிக்க நேர்ந்தவன் மன்றத்தின் நடிகன் தர்மன். படையில் ஹவில்தார், மறு ஆண்டு ஓய்வு. அதன்பின் ஏதேனும் ஏ.டி.எம். வாசலில் காவல் நிற்பதன்றி அவனுக்கு வேறு வழி இல்லை. சென்னை நாடகக் குழுவொன்று ஒரு போட்டிக்கு முப்பது நிமிட வீடியோக்களைக் கேட்டிருந்தது. சிறந்த நடிகருக்குக் குழுவில் இடம் உண்டு. நாடகம் ஒரே மாலை. மறுநாள் காலை அவனுக்குப் படைமுகாம் இருந்த தேஜ்பூருக்கு ரயில். மீண்டும் நடிக்க வழியில்லை.

படப்பிடிப்பை வெங்கடராமனே ஏற்றார். மின்விசிறிக்கு அடியில் இருந்த கடைசி வரிசை நாற்காலியை விட்டு அவர் எழவில்லை. நாடகம் முழுவதும் ஒரே தகட்டில் அடங்கவேண்டுமென்று படத்தின் தரத்தை ஆகக் கீழே இறக்கி வைத்தார். இறுதியில், இறந்த மகனின் சட்டையைத் தர்மன் அடையாளம் காணும் நான்கு நிமிடங்களில், எழுநூறு மடங்கு தீரும்வரை பெரிதாக்கும் பொத்தானை அமுக்கினார்.

அடுத்த வாரம் ஸ்டூடியோத் திரையில், அந்த நான்கு நிமிடங்களில் கவிதா தேடியும் தர்மனுடைய முகம் கிடைக்கவில்லை. பழுப்பும் கறுப்புமான சதுரங்கள் நகர்ந்தன. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சதுரம் இருந்தது. வெங்கடராமனை வரவழைத்துக் காட்டினாள்.

"காமிராவிலே பார்த்தேனே, நன்னாத்தான் இருந்தது. உன் கம்ப்யூட்டர் பழசு," என்றார். இரண்டு விரல் அகலத் திரையில் சதுரங்கள் தெரியா என்பதை அவருக்கு விளக்கும் வீண்வேலையை அவள் செய்யவில்லை.

அன்று மாலை தேஜ்பூரிலிருந்து தர்மன் தொலைபேசியில் கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள்.

"கடைசி சீன்ல உங்க மூஞ்சியே இல்லண்ணே."

"சத்தம் இருக்கா தங்கச்சி?"

"அது சுத்தமா இருக்கு."

"அப்ப அதையாச்சும் அனுப்பு."

அந்த நான்கு நிமிடங்களுக்கும் படத்தை நீக்கி, கறுப்புத் திரையில் அவன் குரலை மட்டும் அவள் விட்டாள். செயற்குழு கூடியது. கறுப்புத் திரை மன்றத்தின் காமிராவுக்கு அவமதிப்பு என்றும், படத்தைத் திரும்பச் சேர்க்காவிடில் மன்றத்தின் போட்டி விண்ணப்பத்தில் செயலாளர் கையொப்பமிடார் என்றும் எழுவரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

தனிநபரும் விண்ணப்பிக்கலாம் என்பது போட்டியின் விதி. அதைப் படித்திருந்தவள் கவிதா ஒருத்தியே. புதுப் படிவத்தில் தர்மன் பெயரை எழுதி, கறுப்புத் திரை வீடியோவுடன் அன்றே கூரியரில் சேர்த்தாள். ஒளிப்பதிவாளர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்; அந்த வேலையைச் செய்தவர் என்று சொல்லத்தக்கவர் எவரும் அவளுக்குத் தெரியவில்லை.