பால்கனியில் பெரிய டிரம்

வகுப்பறையில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. அது ஒரு படகுப் பாட்டு. துடுப்பு தண்ணீரைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் பெரிய டிரம் ஒருமுறை முழங்க வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே உருவத்தில் மிகச் சிறியவள் என்பதால் பட்டாணி என்று பெயர் வாங்கியவள்தான் டிரம் அடித்தாள். டிரம்முக்குப் பின்னால் முகம் மட்டும் தெரியும். ஆனால் ஒரு அடிகூடப் பிசகாது.

பள்ளி அரங்கத்துக்கு மாறியதும் வந்தது வினை. மேடையில் வைத்தால் டிரம் மற்றப் பிள்ளைகளின் குரலை விழுங்கிவிடுகிறது என்று, தலைமையாசிரியை அதை எதிர்க்கோடியில் இருந்த பால்கனிக்கு ஏற்றச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு அடியும் பாட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது.

“டீச்சர், பட்டாணி இன்னும் வேகல!” என்று கத்தினான் பாடுகிறவர்களில் உயரமான நெட்டை. மேடை முழுக்கச் சிரிப்பு.

“நான் கரெக்டாத்தான்டா அடிக்கிறேன்!” பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“ஆமாமா, போன வாரத்துப் பாட்டுக்குக் கரெக்டு.”

நிகழ்ச்சிக்கு முந்தின நாளும் அதே கதை. தலைமையாசிரியை பாட்டு டீச்சரை ஓரமாக அழைத்தார். “குழந்தை பாவம்தான். ஆனா நாளைக்கு அத்தனை பெத்தவங்க முன்னாடி நம்ம மானம் கப்பலேறிடும். டிரம்ம அந்த நெட்டைகிட்ட குடுத்துடுங்க.”

“ஒரே ஒரு தடவை பாத்துடுறேன் மேடம். நானே மேல போய் அடிச்சுக் காட்டுறேன்.”

டீச்சர் ஏறிப் போனபோது பட்டாணி டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நெட்டைக்குக் குடுக்கப் போறீங்களா டீச்சர்? எங்க அப்பா நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றாரு.”

“முதல்ல அந்தக் குச்சியக் குடு. நான் அடிக்கிறதப் பாரு.”

கீழே பாட்டு தொடங்கியது. டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு துடுப்புக்கும் சரியாக அடித்தார். அவருக்கே திருப்தியாக இருந்தது. பாட்டு முடிந்ததும் மேடையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நெட்டையின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்களும் வேகல.”

அரங்கமே அதிர்ந்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டாணி மட்டும் சிரிக்கவில்லை.

“நீங்க சரியாத்தான் அடிச்சீங்க. நான் பாத்தேன்,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க அப்பா கூரை போடுறவர்ல? தெருக்கோடியில நின்னு பாத்தா, சுத்தியல் ஆணியில பட்டு மறுபடி மேல போன அப்புறம்தான் ‘டக்’னு கேக்கும். அது மாதிரியா டீச்சர்?”

அது மாதிரியேதான். வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேர நேரமே ஆவதில்லை என்று சொல்லலாம். ஒலி அப்படியல்ல, அது காற்றைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் தூரம் குறைவு, அதனால் தெரியவில்லை. இங்கே மேடையில் பாடியது பால்கனியை அடையக் கொஞ்ச நேரம். அதைக் கேட்டு அடித்த டிரம்மின் ஒலி மேடைக்குத் திரும்பிப் போக இன்னும் அதே நேரம். போக ஒன்று, வர ஒன்று என்று தாமதம் இரட்டிப்பானது. தப்பு பட்டாணியின் கையில் இல்லை. அவள் காதை நம்பினாள், அவ்வளவுதான்.

டீச்சர் கீழே ஓடினார். மேடைக்கு முன்னால் நின்று கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். “யாரும் யாரையும் கேக்காதீங்க. எல்லாரும் என் கையை மட்டும் பாருங்க. பட்டாணி, நீயும்தான். நெட்டை, நீ கீழ நாற்காலிங்கள்ல நடு வரிசைல போய் உக்காரு.”

நெட்டை நீதிபதி மாதிரி கைகட்டி உட்கார்ந்தான். பாட்டு தொடங்கியதும் மேடையிலிருந்து, “டிரம் லேட்டு!” என்றார்கள். பால்கனியிலிருந்து, “பாட்டுதான் லேட்டு!” என்று பதில் வந்தது.

நெட்டை எழுந்தே விட்டான். “ஏன் சும்மா கத்துறீங்க? இங்க ரெண்டும் ஒண்ணாத்தான் வருது!”

இரு பக்கத்து ஒலியும் பாதி தூரம் வந்து அவனிடம் சந்தித்தன. தலைமையாசிரியையும் அவனருகில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். “டிரம் அங்கயே இருக்கட்டும். அடிக்கிறவளும் இருக்கட்டும்,” என்று எழுந்து போனார்.

“காதுக்குத் தப்பாத்தான் இருக்கும்,” என்றார் டீச்சர் பட்டாணியிடம். “தாங்குவியா?”

“பல்லக் கடிச்சுக்கிறேன் டீச்சர்.”

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. பாட்டின் நடுவில் காது அவளைப் பின்னால் பிடித்து இழுத்தது. பாட்டோடு சேர்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. குச்சி ஒரு கணம் தயங்கியது. பிறகு டீச்சரின் கையைப் பார்த்தாள், அடித்தாள். முடிந்ததும் கைத்தட்டல் ஓய நேரமாயிற்று.

நடு வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, இறங்கி வந்தவளைத் தூக்கிக்கொண்டார். “ஒரு அடிகூடத் தப்பல கண்ணு!”

பட்டாணியின் உதடு பிதுங்கியது. “எனக்குக் கடைசி வரைக்கும் தப்பாவே கேட்டுச்சுப்பா.”

பக்கத்தில் நின்ற டீச்சருக்கு அது சுருக்கென்றது. கலையத் தொடங்கிய பிள்ளைகளை மறுபடி மேடைக்கு விரட்டினார். தலைமையாசிரியையின் முன் போய் நின்றார்.

“மேடம், கையை மேலயும் கீழயும் ஆட்டினாப் போதும். ஒரே பாட்டு.”

“நானா? எனக்கு ஆட்டத் தெரியாதும்மா!”

“நேத்து எங்களை ஆட்டி வெச்சீங்களே மேடம்.”

அவர் சிரித்துக்கொண்டே மேடை முன் போய்க் கையை உயர்த்தினார். டீச்சர் பால்கனியில் குச்சியை எடுத்தார். பாட்டு அவர் காதில் இடறி இடறி விழுந்தது. தலைமையாசிரியையின் கையை மட்டும் பார்த்தார்.

நடு வரிசையில் பட்டாணி, தரையைத் தொடாத கால்களோடு நாற்காலி நுனியில் இருந்தாள். அப்பா குனிந்து ஏதோ சொல்ல வந்தார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

“பேசாதப்பா. கேட்டுட்டு இருக்கேன்.”