மரைக்கார் வீதி ஏழாம் இலக்க வீட்டுக் கதவு

மரைக்கார் வீதியில் பதினான்கு பழைய வீடுகள் இருந்தன. மரியாதைக்காகத்தான் வீடுகள் என்பது. ஒன்பதில் சுவர் மட்டும் நின்றது, மிச்சம் ஐந்தில் அரைக்கூரை. இருந்தும் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பிரதேச சபை அதைப் பாதுகாக்கப்பட்ட பழைய வீதி என்று அறிவித்தது. அதற்கு விதிகள் எழுதியவர் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நடராசா.

நல்ல விதிகள்தான், குறை சொல்ல முடியாது. சமாதானம் வந்துவிட்டதென்று நம்பித் திரும்பிய சனம் சுண்ணாம்புச் சுவரை இடித்துவிட்டு சீமெந்துப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் மனிதர் எழுத உட்கார்ந்தார். நான்காம் விதி இப்படி இருந்தது: வீதிமுகப்பில் இருந்த கதவு, யன்னல், தூண் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும், இல்லாமற் போயிருந்தால் பழைய அமைப்பைக் காட்டும் வரைபடம் தந்து அதே மாதிரி செய்து பூட்ட வேண்டும், அதுவரை கட்ட அனுமதி இல்லை.

அதை எழுதும்போது தன் வீட்டு முன்கதவு அவருக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வந்தது. பேனையை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தார். பிறகு எழுதி முடித்தார்.

அந்தக் கதவு மரைக்கார் வீதி ஏழாம் இலக்க வீட்டினுடையது. அந்த வீதியின் முஸ்லிம் சனம் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கத்தால் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போனது. ஐந்து வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த நடராசா, மரைக்கார் வீதிக்குச் சற்றுத் தள்ளி உடையார்கட்டில் மண்சுவர் வீடு ஒன்று போட்டார். கதவு வேண்டியிருந்தது. ஆளில்லாத வீடுகளில் கதவும் ஓடும் கழற்றுவது அந்த நாட்களில் ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. யாரும் அதைக் களவு என்று சொல்லவில்லை, சொன்னால் பாதி ஊர் கள்ளராகிவிடும். நடராசாவும் ஒரு பின்னேரம் மாட்டுவண்டியோடு போய், தன் கையாலேயே புரியாணிகளைக் கழற்றினார். முதிரை மரக் கதவு. எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு பூ, மேலே ஒரு கொடி வேலைப்பாடு. வேலை தெரிந்தவர் என்பதால் ஒரு கீறல் விழாமல் கழற்றினார். அதில் அப்போது அவருக்குப் பெருமைகூட இருந்தது.

ஏழாம் இலக்கத்துக்காரி லதீபா, விதிகள் வந்த அதே வருசம் ஆனி மாதம் சபைக்கு விண்ணப்பத்தோடு வந்தா. ஐம்பது வயது மதிக்கலாம். தம்பி ஜவாஹிர் குடும்பத்தோடு அந்த வளவிலேயே தறப்பாள் கொட்டிலில் இருந்தா. மாரி தொடங்க முன்னம் கூரை போட வேண்டும், முன்னுக்கு ஒரு பலகைக் கதவு போதும், இவ்வளவுதான் கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கலாம். நடராசா வைக்கவில்லை. இந்த வீட்டுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தார். பழைய கதவின் வரைபடம் இல்லை என்று எழுதி விண்ணப்பத்தை இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். குற்றமுள்ள நெஞ்சு எவ்வளவு கறாராக வேலை செய்யும் என்பதை அவரைப் பார்த்துப் படிக்கலாம்.

மூன்றாம் தரம் லதீபா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டா.

"சேர், என்னட்டப் படமும் இல்லை, ஒண்டும் இல்லை. கதவு என்ர கண்ணுக்குள்ள நிக்குது. நான் சொல்லுறன், நீங்கள் கீறுங்கோ. மழை வரப்போகுது."

மறுக்க வழியில்லை. நடராசா தாளை விரித்தார். அவா சொல்லச் சொல்லக் கீறினார். இரட்டைக் கதவு. எட்டுக் கட்டம். நடுவில் இரும்பு வளையம். வலப்பக்கம் மூன்றாவது கட்டத்துப் பூவுக்கு மட்டும் ஆறு இதழ். மேலே கொடி. லதீபாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த வளையத்தைத் தட்டி விளையாடி உம்மாவிடம் வாங்கிய அடியையும் சேர்த்துச் சொன்னா. நடராசாவின் கை நிற்காமல் ஓடியது. ஏழு வருசமாகக் காலையும் மாலையும் திறந்து மூடிய கதவு. கைக்கு அது பாடம்.

கீறி முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினார். லதீபா நெடுநேரம் பார்த்தா. பிறகு இடப்பக்கக் கீழ்மூலையில் விரலை வைத்தா.

"இந்தத் தகட்டை நான் சொல்லேல்லையே."

மரம் வெடித்த இடத்தில் அடித்திருந்த சின்னப் பித்தளைத் தகடு. நடராசா அதையும் கீறியிருந்தார்.

"பழைய கதவுகளில... இப்பிடி அடிக்கிறது வழக்கம்," என்றார்.

"ஐஞ்சு ஆணியோ சேர்? நாலு மூலைக்கு நாலு, நடுவில ஒண்டோ? அது எங்கட வாப்பா அடிச்சது. நானே மறந்துபோனன்."

அவா கத்தியிருந்தால், நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால், நடராசா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவா எழும்பி, முக்காட்டைச் சரிசெய்து, "கதவு சுகமாய் இருக்குதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டா. அன்று முழுக்க அவரால் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பியோன் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

வீட்டில் விசயத்தைச் சொன்னதும் மனைவி விமலேஸ்வரி கொதித்தெழுந்தா.

"நாங்கள் மட்டும் எங்கட வீட்டைக் கையில தூக்கிக்கொண்டே வந்தனாங்கள்? எங்கட கதவு இப்ப ஆரின்ர வீட்டில நிக்குதோ! அதை ஆர் எங்களுக்குக் கொண்டந்து தரப்போகினம்?"

"ஒருத்தரும் தரமாட்டினம்."

"பிறகேன்?"

"அவா என்னைத் திட்டேல்லை விமலா," என்றார் நடராசா. விமலேஸ்வரி அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

அடுத்த நாள் காலை கதவைக் கழற்றி, வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கதவை ஏற்றினார். மரைக்கார் வீதிக்குள் பட்டப்பகலில் அது நுழைந்தபோது தறப்பாள் கொட்டில்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் அந்தக் கதவைத் தெரிந்திருந்தது. ஜவாஹிர் வந்து மறுபக்கம் பிடித்து இறக்கினான். அவன் உதவி செய்தது நடராசாவை இன்னும் கூச வைத்தது.

நிலையில் பொருத்திப் பார்த்தார்கள். மேலே ஆறு அங்குலம் வெளிச்சம் தெரிந்தது.

கொடி வேலைப்பாடு இல்லை. தன் வீட்டில் பூட்டிய அன்றே நடராசா அதை அரிந்து எடுத்திருந்தார். அந்தத் துண்டு அடுப்பில் எரிந்து ஏழு வருசம்.

லதீபா அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றா. அழுவா என்று நடராசா நினைத்தார். அவா அழவில்லை.

"இனி என்ன செய்யவேணும் சேர்? விதிப்படி சொல்லுங்கோ."

விதிப்படி ஒரு படிவம் இருந்தது. முகப்பில் எதுவும் மாறியிருந்தால் என்ன மாறியது, யார் மாற்றியது, ஏன் என்று எழுதி, வீட்டுக்காரரும் உத்தியோகத்தரும் கையெழுத்து வைத்து, பதினான்கு நாள் வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் சபைக்கு வந்து சொல்லலாம். அதே வீதியில் அப்படிப் பதினொன்றை நடராசாவே நிரப்பி ஒட்டியிருந்தார். பதினொன்றிலும் ஒரே பதில்: யார், தெரியாது. ஏன், யுத்தம்.

உழவு மெசின் பெட்டியின் விளிம்பில் தாளை வைத்து எழுதினார். முதலாவது இலகு: முன்கதவின் மேற்பாகம் ஆறு அங்குலம் வெட்டப்பட்டுள்ளது. 'யார்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. லதீபா பக்கத்தில் நின்றா, அவசரப்படுத்தவில்லை. தன் முழுப் பெயரையும் எழுதினார். பழக்கதோசத்தில் பதவியும் சேர்ந்து விழுந்துவிட்டது.

'ஏன்' என்ற கட்டத்தில் யுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்.

லதீபா வாங்கி வாசித்தா. திருப்பி நீட்டினா.

"யுத்தத்துக்குக் கதவின்ர அளவு தெரியாது சேர்."

வீதியே பார்த்துக்கொண்டிருந்தது. நடராசா அந்தச் சொல்லை ஒரு கோட்டால் வெட்டினார். அதன் கீழே, விதிகள் எழுதிய அதே அழகான கையெழுத்தில், எழுதினார்: என் வீட்டு வாசல் சிறியது.

லதீபா இன்னொரு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தா. ஜவாஹிர் பசை எடுத்து வந்தான். நடராசா தானே அதைத் தெருவைப் பார்த்த சுவரில், எல்லாரும் வாசிக்கக்கூடிய உயரத்தில் ஒட்டினார்.